பத்துப் பை வைத்த கோட்டு

என் அண்ணன் இளைத்துக்கொண்டு வருகிறார் என்பதை எங்கள் எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்தது ஒரு புல் வெட்டும் வண்டி. உட்கார்ந்து ஓட்டும் வண்டி அது. இருக்கைக்கு அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டுகிறவர் எழுந்தாலோ தவறி விழுந்தாலோ இருக்கை லேசாக மேலெழும்பும். சுவிட்ச் விடுபடும். இன்ஜின் நின்றுவிடும், அடியில் சுழலும் பிளேடும் நின்றுவிடும். மேலே ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பது மட்டும்தான் அந்தச் சுவிட்சின் வேலை. போன வருடம் மூன்றாம் மாதம் ஒன்பதாம் தேதி, அண்ணன் அதன் மேல் உட்கார்ந்திருந்தபோதே, ஆள் இல்லை என்று அது முடிவுசெய்தது.

அவர் போய் ஏழு வாரமாகிறது. அன்றைக்கே யாராவது அவரை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. அந்த யாராவது நானாக இருந்திருக்கலாம்.

நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கத்தில் அண்ணனுக்கு வேலை. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு மண் கரை. கரை முழுக்கப் புல். "இவ்வளவு புல்லையும் எதுக்கு வெட்டணும், அழகுக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க அழகு பாக்க யார் வர்றா? தண்ணிக்கோழிதான் வருது. புல் உயர்ந்துட்டா எந்த இடத்துல ஈரம் கசியுது, எங்க எலி வளை தோண்டியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. சின்னதா இருக்கும்போதே பாத்துட்டா ஒரு கூடை மண்ணுல அடைச்சிடலாம்."

இருபத்து மூன்று வயதில் அங்கே சேர்ந்தார். தள்ளிக்கொண்டு போகும் இயந்திரத்தின் பின்னால் பதினைந்து வருடம் நடந்தார். பிறகுதான் ஓட்டும் வண்டிகள் இரண்டு வந்தன. ஒன்றை இவரிடம் கொடுத்தார்கள். முதல் நாள் அதை ஓட்டாமல், அதோடு வந்த கையேட்டை மட்டும் எடுத்து, ரெக்சின் துணியில் சுற்றி, சைக்கிளில் வைத்து என்னிடம் கொண்டுவந்தார். அது அவர் படிக்காத மொழியில் இருந்தது. நான் கல்லூரிக்குப் போனவள், பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறவள், அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. என்னைப் பண்டிதை என்றுதான் கூப்பிடுவார். மூன்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் படித்துச் சொன்னேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

"'ஓட்டுநர் தளர்வான ஆடை அணியலாகாது,'" என்று நான் படித்தபோது நிறுத்தச் சொன்னார்.

"லாகாது கீகாதெல்லாம் வேண்டாம் பண்டிதை. தொளதொளன்னு சட்டை போடாதேன்னு எழுது. நான் படிச்சா எனக்குப் புரியணும்ல."

அந்த நோட்டில் இருந்ததை அவர் கடைசிவரை மீறியதில்லை. சரிவில் குறுக்கே ஓட்டமாட்டார். மேலே நேராக ஏறி, நேராக இறங்குவார். ஈரம் காயாமல் கரையில் ஏறமாட்டார். பிளேடு சுற்றும்போது பின்னால் எடுக்கமாட்டார். வெட்டப்போகும் பட்டை முழுவதையும் முதலில் ஒரு சாக்கோடு நடந்து, கல், கம்பி, பாட்டில் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். பிளேடில் பட்ட சின்னக் கல் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்குமாம். இதனால் அவருக்கு அங்கே கல்பொறுக்கி என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். "ஆமா, நான் கல்பொறுக்கி. நீங்க விரல்பொறுக்கி ஆயிடாதீங்க," என்பார்.

அது வெறும் பேச்சு இல்லை. வாசலில் இருந்த வாட்ச்மேன் ஒரு காலத்தில் அந்த இரண்டாவது வண்டியை ஓட்டியவர். இருக்கை சுவிட்ச் அடிக்கடி இன்ஜினை நிறுத்தித் தொந்தரவு செய்கிறது என்று அதை ஒரு கம்பியால் கட்டிவைத்திருந்தார். ஒருநாள் புல் வெளியே வரும் வாயில் ஈரப்புல் அடைத்துக்கொண்டது. இறங்கிக் கையை விட்டார். ஆள் இறங்கியது வண்டிக்குத் தெரியவில்லை. எட்டு விரலோடு வாட்ச்மேன் ஆனார்.

அவருக்குப் பின் அந்த வண்டியை எடுத்த இளைஞனும் அதே கம்பியைக் கட்டினான். எதற்கெடுத்தாலும் கம்பி கட்டிச் சரிசெய்பவன் என்பதால் அவன் பெயரே கம்பி. அண்ணனுக்கும் அவனுக்கும் இந்த விஷயத்தில் ஓயாத சண்டை. மற்ற எல்லா விஷயத்திலும் ஒரே சோற்றுப்பெட்டி.

மூன்றாம் மாதம் ஒன்பதாம் தேதி நடந்ததை அண்ணன் பின்னால் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மூன்றாவது பட்டையில் மேலே ஏறிக்கொண்டிருந்தார். இன்ஜின் நின்றது. பிளேடு குமிழை அழுத்தி அணைத்து, பிரேக்கைப் போட்டு, சாவியைத் திருப்பினார். கிளம்பியது. பத்தடி போனதும் மறுபடி நின்றது. சமதளத்தில் ஒழுங்காக ஓடியது. சரிவிலும் மேடுபள்ளத்திலும் நின்றுநின்று போனது. மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் தொண்ணூறு கிலோ ஆள். ஏறி உட்கார்ந்து, கரையில் இரண்டு முறை ஏறி இறங்கினார். ஒருமுறைகூட நிற்கவில்லை.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லண்ணே. உங்களத்தான் அதுக்குப் பிடிக்கல."

"என்னடா சொல்றே, பதினெட்டு வருஷப் பழக்கம்."

"இந்த சீட்டு ஸ்பிரிங் கெட்டி. தளர்த்துற திருகு துருப்பிடிச்சுப் போச்சு. கொஞ்சம் கனமா உட்காரணும். வீட்ல சோறு போடறாங்களா இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். பிறகு தனியாகப் பம்ப் ஹவுஸுக்குப் போய், குளோரின் தூள் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். ஐம்பத்து நான்கு. முந்தின வருடம் உடல்தகுதிச் சான்றிதழுக்கு நிறுத்தபோது அறுபத்து மூன்று.

அன்று மாலை கம்பி வந்து சொன்னானாம்: "ரெண்டு இஞ்சுக் கம்பிண்ணே. ஒரு முறுக்கு முறுக்கினா கதை முடிஞ்சது."

"யாரு கதைடா முடியும்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே மாடிப்படியில் எதிரெதிர்க் கதவு. என்னிடம் கெட்டித் துணி தைக்கும் மிஷின் ஒன்று உண்டு. நூலகத்துப் பழைய புத்தகங்களுக்கு முதுகுத்துணி தைக்க வாங்கியது. அண்ணன் ஒரு கித்தான் துணியை மேசையில் போட்டார்.

"கையில்லாத கோட்டு ஒண்ணு வேணும். முன்னால ரெண்டு பை, பின்னால ரெண்டு பை. உள்ளங்கை அகலம். மூடி வெச்சு, பட்டன் வெச்சு, எகிறி விழாத மாதிரி."

"பின்னால பை எதுக்கு? எப்படி எடுப்பே?"

"சாமான் வெக்கத்தான். ஸ்பேனர், அது இது."

"அண்ணிகிட்ட சொன்னா அவங்களே தைப்பாங்களே."

"உங்க அண்ணிகிட்ட குடுத்தா ஆயிரம் கேள்வி கேப்பா. நீ படிச்சவ. கேக்கமாட்டே."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அளவு எடுத்தேன். மார்பு முப்பத்தாறு. இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். ஆறாம் மாதம் அதே கோட்டோடு வந்தார். இன்னும் மூன்று பை வேண்டும், கோட்டும் தொளதொளவென்று இருக்கிறது, பக்கத்தில் பிடித்துத் தை என்றார். அளந்தால் முப்பத்து நான்கு. ஒன்பதாம் மாதம் இன்னும் மூன்று பை. முப்பத்திரண்டரை. நாடாவை அவர் மார்பைச் சுற்றிப் பிடித்தபடி, "என்னண்ணே, இந்த வயசுல மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டு வர்றே," என்றேன்.

"பொண்ணு பாரு," என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். மூன்று அளவுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக என் கையால்தான் எழுதினேன். மூன்று எண்களையும் ஒரே பக்கத்தில் பார்த்தேன். அவருக்குச் சர்க்கரை இருந்தது. எடையைக் குறைக்கச் சொல்லி இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பத்தாம் மாதம் ஒரு சனிக்கிழமை. அண்ணி தன் வீட்டுக் கதவிலிருந்தே என்னைக் கத்திக் கூப்பிட்டார். ஓடினேன். துவைக்கலாம் என்று கோட்டை ஆணியிலிருந்து எடுத்திருக்கிறார். கை தாங்காமல் அது கீழே விழுந்து, தரையில் ஓர் ஓடு விரிசல் விட்டிருந்தது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பட்டன்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பையிலிருந்தும் ஓர் இரும்புத் துண்டு வந்தது. சதுரமாக வெட்டி, கூர்மை தேய்த்து, துணி சுற்றியது. பத்துத் துண்டு. ஒவ்வொன்றும் ஒரு கிலோ.

அண்ணன் குளியலறையிலிருந்து தலை துவட்டிக்கொண்டு வந்தார். சட்டை போட்டிருக்கவில்லை. அன்றுதான் நான் அவரைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

"இது என்னங்க?" என்று அண்ணி கேட்டார்.

"இரும்பு."

"கண்ணு தெரியுது எனக்கு. எதுக்குன்னு கேக்கறேன்."

"வண்டி ஒத்துக்கமாட்டேங்குது. அம்பத்தெட்டு கிலோ இருந்தாத்தான் சரிவுல ஓடுது. ஒவ்வொரு திங்கக்கிழமையும் தராசுல ஏறிப் பாப்பேன். எவ்வளவு குறையுதோ அவ்வளவு இரும்பு."

"ஏதோ சாதாரண விஷயம் மாதிரி சொல்றீங்களே! எத்தனை மாசமா?"

"ஏழு."

"அப்போ அந்தக் கம்பிப் பையன் மாதிரி நீங்களும்..."

இதற்குத்தான் அண்ணனுக்குக் கோபம் வந்தது. "அவன் பண்றதும் நான் பண்றதும் ஒண்ணா? அவன் சீட்டைக் கட்டறான். நான் என்னைக் கட்டிக்கிறேன். நான் விழுந்தா இரும்பும் என்னோட சேந்து விழும். சீட்டு காலியாகும். வண்டி நிக்கும். ஒருத்தர் விரலும் போகாது. வேணும்னா பண்டிதையைக் கேளு, அவதான் நோட்டு எழுதினா."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பைகளின் இரட்டைத் தையலை விரலால் ஒருமுறை தடவினார். அது யார் தையல் என்று அவருக்குத் தெரியும்.

நான்தான் கேட்டேன். ஏழு மாதம் தாமதமாக. "டாக்டர்கிட்ட ஏண்ணே போகல?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மெதுவாகத்தான் உட்கார முடிந்தது. "போனா ஒரு பேர் வெச்சிடுவாங்க. பேர் வெக்காத வரைக்கும் இது வெறும் இளைப்பு. அப்புறம் என்னை வண்டியிலிருந்து இறக்கி, எட்டு விரல்காரர் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வெப்பாங்க. அதுல நான் வேற யாரோ மாதிரி இருப்பேன்."

திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு வாரம் பரிசோதனைகள். வயிற்றில்தான் கட்டி. பரவியிருந்தது. டாக்டர் பேனாவைப் பிடித்தபடி, "எப்போதிலிருந்து எடை குறையுது?" என்று கேட்டார். பெரும்பாலும் நோயாளிகள் தடுமாறும் கேள்வி.

"மூணாம் மாசம் ஒன்பதாம் தேதி அம்பத்து நாலு. ஆறாம் மாசம் அம்பத்தொண்ணு. ஒன்பதாம் மாசம் நாப்பத்தெட்டு. போன திங்கக்கிழமை நாப்பத்தேழு," என்றார் அண்ணன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இவ்வளவு துல்லியமா தெரிஞ்சுமா..." என்று ஆரம்பித்தவர், எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு முடிக்கவில்லை.

வண்டியை ஒப்படைக்க ஒருநாள் போனோம். அண்ணனை ஆட்டோவில் வைத்து நான் கூட்டிப்போனேன். கொட்டகையில் சூப்பர்வைசர், மெக்கானிக், கம்பி மூவரும் நின்றார்கள். அண்ணன் கோட்டு இல்லாமல் வந்திருந்தார். புதிதாக ஓட்டப்போகிறவருக்கு வண்டியைக் கொடுக்கும்போது சோதித்துக் காட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எண்ணெய், டயர் காற்று, பிளேடு திருகு எல்லாம் பார்த்தார். பாதி வழியில் மூச்சு வாங்கியது. மெக்கானிக் அவரைத் தூக்கி இருக்கையில் உட்கார வைத்தார். பிரேக், சாவி. இன்ஜின் ஓடியது. பிளேடைச் சுழலவிடும் குமிழை இழுத்தார்; அப்போதுதான் சுவிட்ச் ஆளைத் தேடும். சமதளம்தான், சிமென்ட் தரைதான். இன்ஜின் நின்றுவிட்டது.

மறுபடியும் செய்தார். மறுபடியும் நின்றது.

"சுவிட்ச் நல்லா இருக்கு," என்றார் அண்ணன். "எழுதிக்குங்க."

சூப்பர்வைசர் உண்மையிலேயே எழுதினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை போல. கம்பி தன் வண்டிக்குப் போய் இருக்கையைத் தூக்கினான். இடுக்கியால் எதையோ வெட்டி எடுத்துவந்து அண்ணன் கையில் வைத்தான். துருப்பிடித்த இரண்டு இஞ்சுக் கம்பி.

"இத்தனை நாள் சொன்னேனேடா, தடியா," என்றார்.

"சொன்னீங்கண்ணே," என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். வலி அதிகமான நாட்களிலும் அவருக்கு வாய் குறையவில்லை. நர்ஸ் படுக்கையோடு சேர்த்து எடை பார்க்கும் கருவியைக் கொண்டுவந்தால், "எவ்வளவு வேணும்னு மொதல்லயே சொல்லுங்கம்மா, நான் ஏற்பாடு பண்றேன்," என்பார். அவளுக்குப் புரியாது. எனக்கும் அண்ணிக்கும் புரியும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டோம்.

கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து சேர்ந்த மறுநாள் காலை, அவள் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே போனார்.

அதன்பின் அண்ணி என் வீட்டுக்கு வருவதும் நான் அவர் வீட்டுக்குப் போவதும் வழக்கம்போலத்தான் நடந்தது. ஆனால் எதிரெதிரே உட்காரும்போதெல்லாம் அவர் விரல் அந்தத் தையலைத் தடவியது எனக்குக் கண்முன் வரும். அவர் கேட்டுவிடுவார் என்று பயந்தேன். கேட்காமலே இருந்துவிடுவாரோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன். நேற்று மத்தியானம் அவர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். என்னால் முடியவில்லை.

"அண்ணி, நான் மூணு தடவை அளவெடுத்தேன். முப்பத்தாறு, முப்பத்து நாலு, முப்பத்திரண்டரை. எழுதியே வெச்சிருக்கேன். மூணாவது தடவை எனக்குள்ள என்னவோ உறுத்துச்சு. கேட்டா ஏதாவது சொல்லிடுவாரோன்னு கேலி பண்ணிட்டு விட்டுட்டேன்."

அண்ணி கையிலிருந்த போர்வையின் ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தார். மடித்தார். மறுபடி பிரித்தார்.

"எங்க கட்டில் தெரியுமில்ல," என்றார். "கல்யாணமான வருஷம் வாங்கினது. அவர் புரண்டு படுத்தா கிரீச்சுனு கத்தும். முப்பது வருஷமா திட்டியிருக்கேன், எண்ணெய் விடுங்கன்னு. போன வருஷம் கோடை நடுவுல ஒருநாள் பாத்தா, சத்தம் இல்ல. அவர் புரள்றார், கட்டில் சும்மா இருக்கு."

"எண்ணெய் விட்டிருப்பார்னு நினைச்சீங்களா?"

"அப்படித்தான் நினைச்சுக்கிட்டேன். காலையில குனிஞ்சு பாத்தேன். எண்ணெய் இல்ல, துரு அப்படியே இருந்துச்சு." அண்ணி போர்வையை மடியில் வைத்துக்கொண்டார். "நான் குனிஞ்சதை அவர் பாத்தார். நானும் அவர் பாத்ததைப் பாத்தேன். காப்பி போடவான்னு கேட்டேன். போடுன்னார்."

மடிக்க வேண்டிய துணி இன்னும் நிறைய இருந்தது. அண்ணி போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.